பத்து வருஷப் பழைய கம்ப்யூட்டரை இன்றைக்கும் காசு கொடுத்து வாங்கலாமா?

#1 · நீலத்திரை

செகண்ட் ஹேண்ட் லேப்டாப் ஒன்று தேடுகிறேன். வேலை இவ்வளவுதான்: வேர்டு, எக்செல், ஆன்லைன் வகுப்பு, பிரவுசரில் பதினைந்து இருபது டேப், எப்போதாவது கொஞ்சம் போட்டோ திருத்தம். கேம் கிடையாது. புதிதாக வாங்கினால் அடிமட்ட மாடல்தான் கைக்கு எட்டும். அதைவிடக் குறைந்த விலையில் கம்பெனிகள் கழித்துவிட்ட லேப்டாப் இரண்டு கண்ணில் பட்டன. ஒன்று இன்டெல் ஐ5 ப்ராசசர், நான்காம் தலைமுறை, 8 ஜிபி ரேம், ஹார்ட்டிஸ்க். மற்றது ஐ5 எட்டாம் தலைமுறை, 8 ஜிபி, எஸ்எஸ்டி, விலை கூட. விற்பவர் "ரெண்டும் ஐ5தான் சார், வேகம் ஒண்ணுதான்" என்கிறார். எதை எடுப்பது? இல்லை, பழையதே வேண்டாமா?

#2 · சாலிடர்_புகை

அவரிடம் முழு மாடல் எண்ணைக் கேளுங்கள். ஐ5-4300யூ என்றால் இரண்டு கோர் (கணக்குப் போடும் பகுதி), நான்கு த்ரெட் (ஒரே நேரத்தில் கையாளும் வேலைத்தொடர்). ஐ5-8250யூ அல்லது 8350யூ என்றால் நான்கு கோர், எட்டு த்ரெட். இரண்டுக்கும் மின் வரம்பு அதே 15 வாட். ஏழாம் தலைமுறை வரை யூ என்று முடியும் குறைந்த மின்சார லேப்டாப் வரிசையை இன்டெல் இரண்டு கோரிலேயே ஓட்டியது. 2017-இல் எட்டாவது வந்தபோதுதான் கோர் எண்ணிக்கை இரட்டிப்பானது. ஐ7 என்ற பெயரைக் கண்டும் மயங்க வேண்டாம். ஐ7-4600யூ-விலும் இரண்டு கோர்தான். டெஸ்க்டாப்பிலும் அதே இடத்தில்தான் மாற்றம்: ஐ5-7500 நான்கு கோர், ஐ5-8500 ஆறு கோர்.

எண்ணைப் படிக்கும் முறை: நான்கு இலக்கம் என்றால் முதல் இலக்கமே தலைமுறை. 10, 11, 12 என்று தொடங்கினால் முதல் இரண்டு இலக்கம். 1035ஜி1 நான்கு இலக்கமாகத் தெரிந்தாலும் அது பத்தாம் தலைமுறை. முதலாம் தலைமுறை இல்லை.

விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் போட்ட கோடும் கிட்டத்தட்ட இதே இடம்தான்: இன்டெல் எட்டாம் தலைமுறை முதல், டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் சிப்), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்க விடும் வசதி). ஏழாவதில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில சிப்களுக்கு மட்டும் விலக்கு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 14 அக்டோபர் 2025-ஓடு முடிந்துவிட்டது. வீட்டு உபயோகத்துக்கான நீட்டிப்புக்கும் 2026 அக்டோபர் வரைதான் ஆயுள்.

இன்டெலின் போட்டியாளர் ஏஎம்டி பக்கம் ஒரு பொறி உண்டு. ரைசன் 2600 விண்டோஸ் 11 பட்டியலில் இருக்கிறது. 2500யூ, 2200ஜி, 2400ஜி பட்டியலில் இல்லை. பெயரில் 2000 வரிசை என்றாலும் உள்ளே இருப்பது ஜென் என்ற முதல் தலைமுறை ரைசன் வடிவமைப்பு. லேப்டாப்பில் 3500யூ முதல் பாருங்கள்.

உங்கள் கேள்விக்கு நேர் பதில்: எட்டாவதை எடுங்கள்.

#3 · பென்குவின்_ரசிகை

எட்டாவது நல்லது என்பதில் சண்டை இல்லை. ஆனால் நான்காவதை ஒரேயடியாகக் குப்பையில் போட மனம் வரவில்லை. அது ஆமை மாதிரி நகர்வதற்குப் பாதிக் காரணம் ப்ராசசர் இல்லை, ஹார்ட்டிஸ்க். 5400 சுழற்சி லேப்டாப் ஹார்ட்டிஸ்க், சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை நொடிக்கு நூறு முறை எடுத்தாலே பெரிது. சாதாரண சாட்டா எஸ்எஸ்டி அதைப் பல்லாயிரம் முறை செய்யும். எஸ்எஸ்டி மாற்றி, 8 ஜிபி ரேம் வைத்து, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டால் கடிதம் அடிக்க, மின்னஞ்சல் பார்க்க, லிப்ரெ ஆபீஸ் ஓட்ட அந்த மெஷின் இன்னும் தாராளம்.

அது மூச்சு வாங்கும் இடம் வீடியோ. யூடியூப் பெரும்பாலும் விபி9, ஏவி1 வடிவங்களில் அனுப்புகிறது. நான்காம் தலைமுறையின் கிராஃபிக்ஸ் பகுதியில் இவற்றுக்கு முழு வன்பொருள் உதவி இல்லை, பழைய ஹெச்.264 வடிவத்துக்குத்தான் உண்டு. விபி9 முழுதாக வருவது ஏழாவதில், ஏவி1 பதினொன்றாவதில். உதவி இல்லாத வடிவத்தை அந்த இரண்டு கோரே பிரித்துப் பார்க்க வேண்டும். ஃபேன் அலறும், பேட்டரி கரையும். ஹெச்.264 மட்டுமே வரும்படி கட்டாயப்படுத்தும் பிரவுசர் நீட்சிகள் இருக்கின்றன. 1080 வரை பார்க்க அது போதும்.

ஆன்லைன் வகுப்புக்கு அந்த வைத்தியம் உதவாது. கேமரா, திரைப் பகிர்வு, பின்னணி மங்கலாக்கம் மூன்றும் சேர்ந்தால் இரண்டு கோர் திணறும். பின்னணி மங்கலை அணைத்தால் பாதிச் சுமை இறங்கும், ஆனாலும் இருபது டேப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வகுப்பு நடத்த முடியாது. நீலத்திரை, நீங்கள் சொன்ன பட்டியலில் இந்த ஒரு வரிதான் நான்காவதை வெளியே தள்ளுகிறது.

#4 · தூசிதட்டி

ரூஃபஸ்னு ஒரு இலவச மென்பொருள்ல பென்டிரைவ் செய்து நான்காவதிலேயே விண்டோஸ் 11 ஏத்திடலாமே. எதுக்கு இவ்வளவு பேச்சு?

#5 · சாலிடர்_புகை

ஏற்றலாம், ஓடும். மாதாந்திரப் பாதுகாப்புத் திருத்தங்களும் பொதுவாக வந்துகொண்டிருக்கும். வராதது ஆண்டுக்கொரு முறை வரும் புதிய பதிப்பு. ஒவ்வொரு தடவையும் நீங்களே ஐஎஸ்ஓ (முழு நிறுவல் கோப்பு) இறக்கி, தடையை மீறி, மேலே ஏற்ற வேண்டும். ஹோம், ப்ரோ பதிப்பு ஒவ்வொன்றுக்கும் ஆதரவு 24 மாதம்தான். ஏற்றாமல் விட்டால் அதோடு மாதத் திருத்தமும் நின்றுவிடும். இதைச் செய்யத் தெரிந்தவர் இந்த இழைக்கே வந்திருக்க மாட்டார். இன்னொருவருக்கு வாங்கிக் கொடுப்பதாக இருந்தால் கட்டாயம் வேண்டாம். வருஷா வருஷம் உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

கோர் 2 டுவோ காலத்து மெஷினுக்கு இந்த வழியும் அடைபட்டுவிட்டது. 24ஹெச்2 பதிப்பு முதல் எஸ்எஸ்இ4.2, பாப்கவுண்ட் கட்டளைகள் இல்லாத சிப்பில் விண்டோஸ் 11 பூட்டே ஆகாது. அதை மீறும் தந்திரம் கிடையாது.

#6 · பென்குவின்_ரசிகை

அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 32-பிட் மட்டும் ஓடும் பழைய இன்டெல் ஆட்டம் (Atom), பென்டியம் எம் சிப் ரகங்களை இனி இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். 2025-இல் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸுக்கு 32-பிட் இன்ஸ்டாலரே இல்லை. பெரிய பிரவுசர்களும் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்கின்றன. புதிய பிரவுசர் கிடைக்காத கணினியை இணையத்தோடு சேர்ப்பது வீண் வம்பு.

#7 · கணக்குப்பிள்ளை

எல்லோரும் சிப்பைப் பற்றியே பேசுகிறீர்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கணக்கைப் பாருங்கள். அந்த நான்காம் தலைமுறைக்கு எஸ்எஸ்டி ஒன்று வாங்க வேண்டும். பத்து வருஷப் பேட்டரி செத்திருக்கும், அது ஒன்று. சார்ஜர் வயர் கழுத்தில் விட்டிருந்தால் அது ஒன்று. ரேம் கூட்ட நினைத்தால் 1.35 வோல்ட் டிடிஆர்3எல்தான் வேண்டும், பழைய 1.5 வோல்ட் டிடிஆர்3-ஐச் செருகினால் பல மெஷின் திரையே காட்டாது. அந்த ரேமை அடுத்த மெஷினுக்குக் கொண்டுபோகவும் முடியாது. இத்தனையும் கூட்டிப் பார்த்தால் எட்டாவதின் விலையைத் தொட்டுவிடும்.

என் அளவுகோல் இது: வாங்கும் விலையோடு மாற்ற வேண்டிய பாகங்களின் விலையையும் கூட்டுங்கள். அது புதிய அடிமட்ட மாடலின் விலையில் அறுபது சதவீதத்தைத் தாண்டினால் பழையதை விட்டுவிடுங்கள். அதற்குமேல் கொடுத்து வாரண்டியை இழப்பதில் அர்த்தமில்லை. ஆனால் புதிய மாடலிலும் எத்தனை ஜிபி என்று பார்த்து ஒப்பிடுங்கள். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக் கிடக்கிறது. 4 ஜிபி சாலிடர் செய்த புது லேப்டாப்பைவிட, 16 ஜிபி ஏற்கெனவே செருகிய எட்டாம் தலைமுறை எவ்வளவோ மேல்.

டெஸ்க்டாப் என்றால் கரண்ட் பில்லையும் சேருங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு வைத்த கோர் 2 குவாட் கால டவர் சும்மா நிற்கும்போதே 85 வாட் எடுக்கிறது என்று வையுங்கள். தினம் 8 மணி நேரம் ஓடினால் ஆண்டுக்குச் சுமார் 248 யூனிட். 12 வாட்டில் நிற்கும் எட்டாம் தலைமுறைக் குட்டி டெஸ்க்டாப் அதே நேரத்துக்கு 35 யூனிட். சும்மா கிடைத்தாலும் அந்த டவர் சும்மா இல்லை.

#8 · நீலத்திரை

சரி, எட்டாவதுதான். நேரில் பார்க்கப் போனால் எதையெல்லாம் சோதிப்பது? விற்பவர் அரை மணி நேரம் தருவார்.

#9 · சாலிடர்_புகை

அரை மணி தாராளம். வரிசை முக்கியம், ஏனென்றால் முதல் சோதனையில் தோற்றால் மற்றதெல்லாம் தேவையில்லை.

முதலில் பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்புத் திரை. உள்ளே நுழையும்போது சூப்பர்வைசர் பாஸ்வேர்டு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். திங்க்பேட் போன்றவற்றில் அது தனிச் சிப்பில் எழுதப்பட்டிருக்கும். போர்டில் கடிகாரத்துக்காக இருக்கும் சிமாஸ் பேட்டரியைக் கழற்றி மாட்டினால் போய்விடும் என்பது கதை. சிப்பை மறுபடி எழுத வேண்டும், இல்லாவிட்டால் போர்டை மாற்ற வேண்டும். அதே இடத்தில் கம்ப்யூட்ரேஸ் அல்லது அப்சொல்யூட் (கம்பெனி தூரத்திலிருந்தே கண்காணிக்கும் வசதி) என்ற வரியைப் பாருங்கள். ஆக்டிவ் என்றிருந்தால் பழைய முதலாளியின் பிடி இன்னும் அதன்மேல் இருக்கிறது.

இரண்டாவது, பலர் கோட்டை விடும் இடம்: ஆட்டோபைலட், கம்பெனி தன் மெஷின்களை மைக்ரோசாஃப்டிடம் பதிந்து வைக்கும் வசதி. கம்பெனி தன் பட்டியலிலிருந்து மெஷினை நீக்காமல் கழித்துவிட்டால், விண்டோஸை எத்தனை தடவை புதிதாகப் போட்டாலும் முதல் அமைப்பின்போது இணையம் கிடைத்ததும் அந்தக் கம்பெனியின் லாகின் பக்கம் வந்து நிற்கும். விற்பவர் இணையம் இல்லாமல் அமைத்து வைத்திருந்தால் உங்களுக்கு இது தெரியவே தெரியாது. அதனால் ரீசெட் கொடுத்து, உங்கள் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, பெயரும் கணக்கும் கேட்கும் திரை வரை போகச் சொல்லுங்கள். நேரம் பிடிக்கும்; ஆகவே கீழே சொல்லும் பேட்டரி, டிஸ்க் சோதனைகளை முதலில் முடித்துவிட்டு ரீசெட்டைத் தட்டுங்கள். மேக் என்றால் ஆக்டிவேஷன் லாக் (பழைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்குப் பூட்டு), கம்பெனி மேலாண்மை இரண்டையும் இதேபோல் பாருங்கள்.

பேட்டரிக்கு விண்டோஸ் கமாண்ட் திரையில் powercfg /batteryreport என்று அடித்து பேட்டரி ரிப்போர்ட் எடுங்கள். டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்று இரண்டு எண் வரும். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் மிச்ச ஆயுள். 80 சதவீதத்துக்கு மேல் நல்லது, 60-க்குக் கீழ் என்றால் புதிய பேட்டரி விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள். லேப்டாப்பை மேசையில் வைத்து மூலைகளை அழுத்துங்கள். ஆடினாலோ, டச்பேட் மேலே எம்பியிருந்தாலோ பேட்டரி உப்பியிருக்கலாம். உப்பிய பேட்டரியோடு எடுத்துவந்து அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். குத்துப்பட்டால் தீப்பிடிக்கும்.

டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளை பென்டிரைவில் கொண்டுபோங்கள். ஹார்ட்டிஸ்க் என்றால் பழுதான இடங்களைக் காட்டும் 5, 197, 198 ஆகிய மூன்று வரிகளின் மூல மதிப்பு பூஜ்யமாக இருக்க வேண்டும். 197 ஒன்றாக இருந்தாலும் அந்த டிஸ்க்கை நம்பாதீர்கள். 199 ஏறியிருந்தால் பெரும்பாலும் கேபிள் அல்லது கனெக்டர் கோளாறு, டிஸ்க் தப்பித்தது. என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி ரகம்) என்றால் பர்சென்டேஜ் யூஸ்டு (எத்தனை சதவீதம் தேய்ந்திருக்கிறது) பாருங்கள்.

பிறகு பத்து நிமிஷம் ப்ராசசரை முழுச் சுமையில் ஓட்டி, வெப்பத்தையும் வேகத்தையும் கவனியுங்கள். 8250யூ-வின் அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ். சுமையில் அதற்கு மேலேயே நிற்க வேண்டும். 95 டிகிரியைத் தொட்டு வேகம் சரிந்தால் தூசியும் காய்ந்த பேஸ்ட்டும். அது சின்ன வேலை. வெப்பம் குறைவாக இருந்தும் 0.8 கிகாஹெர்ட்ஸிலேயே நின்றால் சார்ஜரைச் சந்தேகப்படுங்கள். டெல் லேப்டாப் சார்ஜரின் நடுப்பின் வழியாக அடையாளம் கேட்கும். அது கிடைக்காவிட்டால் பேட்டரியைச் சார்ஜ் செய்யாது, வேகத்தையும் குறைத்துவிடும். மலிவு டூப்ளிகேட் சார்ஜரால் நல்ல மெஷினைக் கழித்தவர்களும் உண்டு, உள்ளே அந்த ஊசிமுனை ஒடிந்த மெஷினைத் தெரியாமல் வாங்கியவர்களும் உண்டு.

விசைகள், போர்ட்கள், கேமரா, ஸ்பீக்கர் இதெல்லாம் சொல்லத் தேவையில்லை. திரையை மட்டும் முழு வெள்ளை, முழுக் கறுப்பு இரண்டிலும் பாருங்கள்.

#10 · தூசிதட்டி

திங்க்பேட் டி480 பார்த்தா யூஎஸ்பி-சி சார்ஜிங்கைக் கட்டாயம் சோதிங்க. 2017, 2018 மாடல் பலதுல அந்த போர்ட்டை ஓட்டுற தண்டர்போல்ட் சிப்போட ஃபர்ம்வேர்ல (உள்மென்பொருள்) ஒரு பிழை இருந்தது. சிப்போட நினைவகம் எழுதி எழுதியே நிறைஞ்சு, போர்ட் படுத்துடும். லெனோவா திருத்தம் விட்டுடுச்சு, ஆனா படுத்ததுக்கு அப்புறம் அதைப் போட்டுப் பிரயோஜனம் இல்லை, சிப்பைத்தான் மறுபடி எழுதணும். வேலை செய்ற மெஷின்னா வாங்கின அன்னைக்கே அப்டேட் பண்ணிடுங்க.

#11 · நீலத்திரை

நன்றி. மாடல்களில் எதைத் தேடலாம்? டி480, டி480எஸ், எக்ஸ்280, டெல் லேட்டிட்யூட் 7490 எல்லாம் ஒரே விலையில் சுற்றுகின்றன.

#12 · சாலிடர்_புகை

ரேமை வைத்து வடிகட்டுங்கள். டி480, லேட்டிட்யூட் 7490, ஹெச்பி எலைட்புக் 840 ஜி5 மூன்றிலும் இரண்டு ஸ்லாட். டி480எஸ்-இல் ஒன்று போர்டோடு சாலிடர், ஒன்று ஸ்லாட். எக்ஸ்280, எக்ஸ்1 கார்பன் இரண்டிலும் எல்லாமே சாலிடர். 8 ஜிபி என்று வாங்கினால் கடைசிவரை 8 ஜிபிதான். இருபது டேப் திறக்கும் ஆளுக்கு அது ஒத்துவராது.

இன்னொன்று: 8 ஜிபி ஒற்றைக் குச்சியாக இருந்தால் சும்மா இருக்கும் ஸ்லாட்டில் இன்னொரு 8 போடுங்கள். அளவு மட்டுமில்லை, பாதையும் இரட்டிப்பாகும். டிடிஆர்4-2400 ஒரு குச்சியில் நொடிக்கு 19.2 ஜிபி, இரண்டில் 38.4. உள்ளமைந்த கிராஃபிக்ஸ் இதே ரேமைத்தான் பங்குபோடுகிறது, வெளித்திரை மாட்டினால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

திரையையும் கேளுங்கள். கம்பெனிகள் காசு மிச்சம் பிடிக்க 1366×768 டிஎன் என்ற மலிவு ரகத் திரையோடு வாங்கிக் குவித்தவை நிறைய. போட்டோ திருத்தம் என்கிறீர்கள்; பக்கவாட்டில் பார்த்தால் நிறம் மாறும் திரையில் அதைச் செய்ய முடியாது. 1920×1080 ஐபிஎஸ் (பக்கவாட்டிலும் நிறம் மாறாத ரகம்) என்று உறுதி செய்யுங்கள்.

#13 · கணக்குப்பிள்ளை

எடுத்துக்கொண்டு அலையத் தேவை இல்லை என்றால் லேப்டாப்பே வேண்டாம் என்பேன். ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, எலைட்டெஸ்க் மினி, திங்க்சென்டர் டைனி மாதிரி எட்டாம் தலைமுறைக் குட்டிகளில் செத்துப்போகப் பேட்டரி இல்லை, உடைய ஹிஞ்ச் இல்லை. 8500டி போட்டதில் 35 வாட் வரம்புக்குள் ஆறு கோர்.

#14 · தூசிதட்டி

ஆனா "பின்னாடி கிராஃபிக்ஸ் கார்டு போட்டுக்கலாம்"னு கனவோட சின்ன பெட்டி வாங்காதீங்க. எஸ்எஃப்எஃப் (சின்ன வடிவ டெஸ்க்டாப்) பெட்டில பவர் சப்ளை அந்தக் கம்பெனி வடிவம், மதர்போர்டு கனெக்டரும் அதே மாதிரி. கடைல கிடைக்கிற ஏடிஎக்ஸ் (பொது அளவு) பவர் சப்ளை நேரா மாட்டாது. கார்டுக்குத் தனி வயர் இருக்காது, ஸ்லாட் தர்ற 75 வாட்டுக்குள்ளதான், அதுவும் லோ ப்ரொஃபைல் (பாதி உயரக் கார்டு). ஜிடிஎக்ஸ் 1650 லோ ப்ரொஃபைல் ஓடும். ஆர்எக்ஸ் 6400 மலிவுன்னு போகாதீங்க: ஸ்லாட்ல நாலே லேன்தான் (டேட்டா பாதை) உபயோகிக்கும், பிசிஐஇ 3.0 போர்டுல அடி வாங்கும். வீடியோ என்கோடரும் இல்லை, ஏவி1-ஐப் பிரிக்கவும் தெரியாது.

#15 · பென்குவின்_ரசிகை

எதை வாங்கினாலும் உள்ளே இருக்கும் விண்டோஸை அப்படியே பயன்படுத்தாதீர்கள். யார் என்ன போட்டு வைத்தார்களோ. டிஸ்க்கை முழுக்க அழித்துப் புதிதாகப் போடுங்கள். டிஜிட்டல் லைசன்ஸ் மதர்போர்டோடு இணைந்திருப்பதால், அதே பதிப்பைப் போட்டால் தானாக ஆக்டிவேட் ஆகும். பயாஸ் அப்டேட்டைச் சார்ஜர் மாட்டி, பேட்டரியில் பாதிக்குமேல் சார்ஜ் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

வாங்கிவந்த கணினியில் எந்தத் தளமும் பாதுகாப்பில்லை என்று பிரவுசர் அலறினால் பதறாதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். தேதி பல வருஷம் பின்னால் போயிருந்தால் சிமாஸ் பேட்டரி தீர்ந்திருக்கிறது. டெஸ்க்டாப்பில் அது சிஆர்2032 காசு பேட்டரி, ஒரு நிமிஷ வேலை. லேப்டாப்பில் பெரும்பாலும் வயர் வைத்த ரகம், கனெக்டர் பார்த்து வாங்குங்கள்.

#16 · நீலத்திரை

லேட்டிட்யூட் 7490 ஒன்று பார்த்தாகிவிட்டது. 8350யூ, 8 ஜிபி ஒற்றைக் குச்சி, 1080 ஐபிஎஸ், 256 ஜிபி என்விஎம்இ. பயாஸ் சுத்தம், ரீசெட்டிலும் கம்பெனிப் பெயர் எதுவும் வரவில்லை. பேட்டரி ரிப்போர்ட்டில் டிசைன் 60,000, ஃபுல் சார்ஜ் 33,600. எடுக்கலாமா?

#17 · கணக்குப்பிள்ளை

56 சதவீதம். பேட்டரி விலை முழுவதையும், ஒரு 8 ஜிபி குச்சியின் விலையில் பாதியையும் கழித்துக் கேளுங்கள். பேட்டரிக்கு மட்டும் இறங்கினாலும் எடுக்கலாம். எதற்கும் இறங்கவில்லை என்றால் விடுங்கள், இதே மாடல் கம்பெனிகளிலிருந்து மொத்தம் மொத்தமாக வெளியே வருகிறது.

#18 · சாலிடர்_புகை

சார்ஜரோடு தருகிறாரா என்று கேளுங்கள். தந்தால் பயாஸில் அடாப்டர் டைப் என்ற வரியில் 65 வாட் அல்லது 90 வாட் என்று தெரிகிறதா பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். அன்நோன் என்று காட்டினால் வேறொரு ஒரிஜினல் சார்ஜரை மாட்டிப் பாருங்கள். அதிலும் அன்நோன் என்றால் கோளாறு போர்டு பக்கம், வேண்டாம்.